குதிரையையும் கல்லூரியையும் ஒரே முடிச்சாகப் போடாதீர்கள்

கேள்வி:

டாக்டர், என் மகளுக்கு 17 வயது. பள்ளியில் கடைசி வருடம். அவள் கெஞ்சிக் கேட்டதால் ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரு குதிரை வாங்கிக் கொடுத்தோம். காயடித்த ஆண் குதிரை. அப்போது அதற்கு 4 வயது, இப்போது 9. இத்தனை வருடம் பரம சாதுவாக இருந்தது. அவள் குரல் கேட்டாலே கனைக்கும். நாலைந்து மாதமாக ஆளே மாறிவிட்டது. சேணத்தின் வாரை இறுக்கப் போனால் திரும்பிக் கடிக்க வருகிறது. மேலே ஏறினால் முதுகை வளைத்துத் துள்ளுகிறது. போன மாதம் என் கணவர் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும்போது பிய்த்துக்கொண்டு ஓடியது. அவர் விழுந்து மணிக்கட்டில் அடி. தேர்வுக்குப் படிக்க வேண்டியிருப்பதால் மகள் முன்போல தினமும் ஏறுவதில்லை, வாரத்தில் இரண்டு நாள்தான்.

பிரச்சினை இதோடு நிற்கவில்லை. அவள் ஆசைப்படும் படிப்பு இருக்கிற கல்லூரி வெகு தூரத்தில் இருக்கிறது. விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். "நான் போனால் அப்பா இவனை விற்றுவிடுவார். பக்கத்தில் இருக்கிற கல்லூரியே எனக்குப் போதும்" என்கிறாள். அவரோ, "யாராவது கை கால் உடைத்துக்கொள்வதற்குள் விற்றுவிடலாம். பணம் அவள் படிப்புக்கே ஆகட்டும்" என்கிறார். மகனுக்கு 12 வயது. முன்பெல்லாம் சர்க்கரைக் கட்டி கொடுக்க ஓடுவான், இப்போது லாயத்துப் பக்கமே போவதில்லை. தினமும் சாப்பிட உட்கார்ந்தால் சண்டைதான். நான் அந்தக் குதிரையைத் தொட்டுக்கூடப் பழகியதில்லை. இருவரில் யார் பக்கம் பேசுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு யார் பக்கமும் பேச வேண்டாம். உங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. மகள் எங்கே படிப்பது என்பது ஒன்று. குதிரைக்கு என்ன ஆயிற்று என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால்தான் முடிச்சு இறுகுகிறது. குதிரையின் கேள்விக்கு முதலில் பதில் தேடுங்கள். பெரும்பாலும் சில வாரங்களிலேயே அதற்கு விடை கிடைத்துவிடும். அது தெரிந்தபின் கல்லூரிப் பேச்சு பாதி லேசாகிவிடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குதிரை மருத்துவர் வந்து பார்க்கும்வரை யாரும் அதன் மேல் ஏறக் கூடாது. "என்னை ஒன்றும் செய்ய மாட்டான்" என்று மகள் சொல்லுவாள். அவள் மேல் அதற்குப் பிரியம் இருப்பது உண்மையாகவே இருக்கட்டும். வலியில் துள்ளுகிற குதிரை, மேலே இருப்பது யார் என்று பார்த்துத் துள்ளுவதில்லை. 450, 500 கிலோ எடையுள்ள உடம்பு அது. இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் கறாராக இருங்கள்.

"நாலைந்து மாதமாக ஆளே மாறிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அதுதான். குட்டியிலிருந்தே முரடாக வளர்ந்த குதிரையின் கதை வேறு. ஐந்து வருடம் சாதுவாக இருந்துவிட்டு, 9 வயதில், நல்ல பருவத்தில் குணம் மாறினால் நாங்கள் முதலில் வலியைத்தான் தேடுவோம். வலி இல்லை என்று உறுதியான பிறகுதான் பழக்கம், பயிற்சி என்று யோசிப்போம். வேட்டை விலங்குகளுக்கு இரையாகிற இனம் குதிரை. வலியைக் காட்டிக்கொண்டால் ஆபத்து என்பதால், கூடியவரை மறைக்கும் சுபாவம் அதற்கு உண்டு. நொண்டும் அளவுக்கு வருவதற்கு வெகு முன்பே காதைப் பின்னால் மடக்குவது, வாலைச் சுழற்றுவது, வாயைப் பிளப்பது, தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பது என்று சின்னச் சின்னதாகத்தான் காட்டும். சூ டைசன் என்ற பிரிட்டிஷ் குதிரை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2018-ல் இப்படிப்பட்ட 24 நடத்தைகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். ஆள் ஏறி ஓட்டும்போது அந்த 24-ல் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால், எலும்பிலோ மூட்டிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கண்டது. அந்தப் பட்டியலில் இருக்கிற பலவற்றை நாம் காலகாலமாகத் திமிர் என்று சொல்லிச் சவுக்கால் அடித்திருக்கிறோம்.

வாரை இறுக்கும்போது கடிக்க வருகிறது என்று படித்ததும் வயிறும் முதுகும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

வயிற்றிலிருந்து தொடங்குகிறேன். நமக்குச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித்தான் அமிலம் அதிகமாகச் சுரக்கும். குதிரைக்கு வயிறு காலியாக இருந்தாலும் ராத்திரி பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது எச்சில். அதுவோ மெல்லும்போது மட்டும்தான் நன்றாக ஊறும். மேய்ச்சலில் விட்ட குதிரை ஒரு நாளில் 14, 16 மணி நேரம்கூட மேய்ந்துகொண்டே இருக்கும், அதனால் அதற்குப் பிரச்சினை இல்லை. லாயத்தில் கட்டிவைத்து, காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தீனி போட்டால், நடுவில் மணிக்கணக்காக வெறும் வயிற்றில் அமிலம் தேங்கிக் கிடக்கும், புண் வரும். புண் வந்த வயிற்றோடு நிற்கும் குதிரைக்கு நெஞ்சைச் சுற்றி வாரை இழுத்துக் கட்டினால் அது திரும்பத்தான் செய்யும். தேர்வு நெருங்கியதும் வீட்டில் எல்லாருடைய நேரமும் மாறியிருக்கும். குதிரையை மேய விடும் நேரம் குறைந்ததா, தீனி வைக்கும் நேரம் தள்ளிப்போனதா என்று நினைத்துப் பாருங்கள். மருத்துவர் ஒரு நீளமான குழாய்க் கேமராவை மூக்கு வழியாக உள்ளே செலுத்தி வயிற்றில் புண் இருக்கிறதா என்று நேராகவே பார்த்துவிடலாம். இருந்தால் மருந்து இருக்கிறது, பெரும்பாலும் ஆறிவிடும்.

அடுத்தது முதுகு. சேணம், குதிரை வாங்கியபோது வாங்கியதா? குதிரையின் முதுகெலும்பு முழுசாக முதிர 5, 6 வயது ஆகும். 4 வயதில் பொருந்திய சேணம் 9 வயதில் பொருந்தும் என்று யாரும் சொல்ல முடியாது. போதாததற்கு, ஏறுவது குறைந்ததால் முதுகுத் தசையும் இந்த மாதங்களில் வற்றியிருக்கும். உள்ளே கல் கிடக்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னால் நாமும் காலை உதறத்தானே செய்வோம்?

இதை மகளே செய்துபார்க்கலாம், ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். துணி எதுவும் விரிக்காமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்து, வாரைக் கட்டாமல், முன்பக்கத்தில் தோளுக்கு மேலே உள்ளங்கையை உள்ளே நுழைத்து மெதுவாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே வரட்டும். கை ஒரே சீராக நகர வேண்டும். ஓரிடத்தில் விரல் நசுங்கி, அடுத்த இடத்தில் இடைவெளி விழுந்தால் அந்தச் சேணம் ஆகாது. சேணம் உட்காரும் இடத்தில் முன்பு இல்லாத வெள்ளை முடி முளைத்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். அங்கே எப்போதோ அழுத்தம் தாங்காமல் தோல் அடிபட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அப்புறம் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரல் நுனியால் நிதானமாக அழுத்திக்கொண்டு போகட்டும். தோல் லேசாகச் சிலிர்த்தால் பரவாயில்லை. காதை மடக்கிக்கொண்டு முதுகைக் கீழே இறக்கினாலோ, காலைத் தூக்கினாலோ உடனே நிறுத்திவிட்டு, அந்த இடத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம்" என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி சொல்வோம். குதிரையின் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கிற தொழிலில் இருப்பதால், அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் குதிரையின் பல்லை யாராவது பார்த்தார்களா என்றுதான் எனக்குத் தோன்றும். குதிரையின் கடைவாய்ப் பல் வருடத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும், மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டும் இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம் என்பதால் தேய்மானம் ஒரே மாதிரி இருக்காது. மேல் வரிசையின் வெளி ஓரமும் கீழ் வரிசையின் உள் ஓரமும் கூராகிக்கொண்டே வந்து, கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கையும் கீறும். அந்த வாயில் கடிவாள இரும்பு அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவையாவது பல்லைச் சோதித்து அரம் போட வேண்டும். உங்கள் குதிரை பாதி மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்புகிறதா என்று தீனித் தொட்டியைச் சுற்றிப் பாருங்கள். துப்பினால் வாயில் கோளாறு இருக்கிறது. குளம்பையும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை சீவ வேண்டும். தேர்வும் மணிக்கட்டு அடியுமாக இருந்த வீட்டில் அது தவறிப்போயிருந்தால் ஆச்சரியமில்லை.

தீனி விஷயத்திலும் ஒன்று கேட்க வேண்டும். தினமும் ஓடிய குதிரை இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடுகிறது. தானியத்தை அதற்கேற்பக் குறைத்தீர்களா? ஓட்ஸ், மக்காச்சோளம் மாதிரி மாவுச்சத்துள்ள தீனியைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு, ஓட்டத்தை மட்டும் நிறுத்திவிட்டால் அந்தத் தெம்பு எங்கேதான் போகும்? குதிரையின் அடிப்படை உணவு புல். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், அதாவது 450 கிலோ குதிரைக்கு ஏறக்குறைய 7 முதல் 9 கிலோ காய்ந்த புல், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தானியத்தை ஒரே நாளில் நிறுத்தாமல், ஒரு வாரம் பத்து நாள் எடுத்துப் படிப்படியாகக் குறையுங்கள். திடீர் மாற்றம் குதிரை வயிற்றுக்கு ஆகாது, கடுமையான வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும்.

இனி உங்கள் கணவர் விழுந்த விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குக் குதிரை இழுத்தது, அவர் கையிலிருந்து கயிறு நழுவியது, அது விடுபட்டு ஓடியது. இதில் அவர் மேல் கோபமோ பழிவாங்கும் எண்ணமோ கிடையாது. தன் மேல் இருந்த அழுத்தம் விலகிய நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ, அதையே திரும்பச் செய்யக் குதிரை கற்றுக்கொள்ளும். இழுத்தால் கயிறு விட்டுப்போகும் என்று அன்று கற்றுக்கொண்டது. அடுத்த முறையும் இழுத்துப் பார்க்கும். அதனால் அனுபவமுள்ள ஒருவர் வந்து திருத்தும்வரை, திறந்தவெளியில் உங்கள் வீட்டார் யாரும் தனியாக அதை நடத்திச் செல்ல வேண்டாம். இன்னொன்று, யார் பிடித்தாலும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரை பாய்ந்தால் சுற்று இறுகும், விரலே போய்விடும். கயிற்றின் மிச்ச நீளத்தை மடிப்பு மடிப்பாக உள்ளங்கையில் பிடிக்க வேண்டும்.

நீங்கள் அந்தக் குதிரையைத் தொட்டுக்கூடப் பழகியதில்லை என்று ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல விஷயமாகப் படுகிறது. கணவருக்கு அதைப் பார்த்தால் கோபம், மகளுக்கு அழுகை, மகனுக்குப் பயம். உங்களுக்கும் அதற்கும் நடுவில் பழைய கணக்கு எதுவும் இல்லை. வலிக்குச் சிகிச்சை தொடங்கி, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, நிதானமான ஒரு பயிற்சியாளரை அழைத்து, குதிரையை நடத்திச் செல்ல நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். மேலே ஏற வேண்டிய அவசியமே இல்லை.

பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. தலைக்கவசமும் காலை மூடும் கெட்டியான ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். நேர் எதிரிலிருந்தோ பின்னாலிருந்தோ அணுகாதீர்கள். குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும், ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக வந்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் நில்லுங்கள். கயிற்றை முன்பக்கமாக லேசாக இழுத்துப் பிடியுங்கள். குதிரை உடனே நகராது, தலையைத் தூக்கிப் பார்க்கும், எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றும். நீங்கள் இழுப்பைக் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம், அப்படியே பிடித்திருங்கள். முன்னங்கால் ஒன்று தரையை விட்டு எழும்பும் பாருங்கள், அந்த நொடியிலேயே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். ஒரு வினாடி தாமதித்தாலும் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குப் புரியாது. ஓரடி வைத்தால் போதும், நிறுத்திக் கழுத்தைச் சொறிந்துவிடுங்கள், மறுபடி கேளுங்கள். தினமும் பத்து நிமிடம், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க. கொஞ்ச நாளில் கயிறு தொய்வாகவே கிடக்க உங்களோடு நடக்கும், நீங்கள் நின்றால் நிற்கும்.

வீட்டுச் சண்டைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஸ்வீடனில் லிண்டா கீலிங்கும் சக ஆய்வாளர்களும் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குதிரையோடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நான்கு முறை போகச் சொன்னார்கள். நான்காவது முறைக்கு முன்னால், "இந்தத் தடவை குதிரை கடந்து போகும்போது ஒரு குடையை விரிப்போம்" என்று அந்த ஆட்களிடம் சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவே இல்லை. ஆனாலும் அந்த முறை மனிதரின் இதயத்துடிப்பும் ஏறியது, குதிரையின் இதயத்துடிப்பும் ஏறியது. தேர்வு, கல்லூரி, அப்பாவோடு வாக்குவாதம் என்று எல்லாவற்றையும் மனதில் சுமந்துகொண்டு உங்கள் மகள் லாயத்துக்குள் நுழைகிறாள். "இன்றைக்கும் துள்ளுவானோ" என்ற பயம் வேறு. அவள் வாய்விட்டு ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவளுடைய தோளும் மூச்சும் அதற்குத் தெரியும். இதற்காக அவளைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். லாயத்தில் வைத்துக் கல்லூரியைப் பற்றியோ விற்பதைப் பற்றியோ யாரும் பேசுவதில்லை என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

மகனின் பயம் நியாயமானது. அவனைக் கேலி செய்யவோ இழுத்துக்கொண்டு போய் நிறுத்தவோ வேண்டாம். கையால் சர்க்கரைக் கட்டி கொடுப்பதை வீட்டில் எல்லாருமே நிறுத்திவிடுங்கள், கையைத் தேடி வாயால் துழாவும் பழக்கம்தான் சில குதிரைகளுக்குக் கடியாக முற்றும். விருப்பமிருந்தால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் செய்ய வேலை இருக்கிறது. குதிரை ஒரு நாளைக்குச் சாதாரணமாக 25 லிட்டருக்கு மேலேயே தண்ணீர் குடிக்கும். தொட்டியில் எவ்வளவு குறைந்தது, சாணம் வழக்கம்போல் போட்டதா என்று ஒரு நோட்டில் எழுதட்டும். மருத்துவருக்கு அந்த நோட்டு நிஜமாகவே உதவும்.

இப்போது மகளின் கல்லூரி. அவள் பயப்படுவது குதிரையைப் பிரிவதற்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தான் ஊரில் இல்லாத நேரத்தில், தன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிடுவார்கள் என்ற பயம் அது. "நான் போனால் அப்பா விற்றுவிடுவார்" என்று அவளே சொல்லியிருக்கிறாளே. அப்படியானால் முதலில் அந்தப் பயத்தை எடுத்துவிடுங்கள். அவள் கல்லூரியில் முதல் வருடம் முடிக்கும்வரை, அவளோடு உட்கார்ந்து பேசாமல் குதிரையை விற்க மாட்டோம் என்று உங்கள் கணவர் அவளிடம் நேராகச் சொல்லட்டும். நீங்கள் சொல்வதைவிட அவர் வாயால் வருவதுதான் முக்கியம். காலம் முழுக்க வைத்திருப்போம் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், காப்பாற்ற முடியாமல் போகலாம்.

அந்த வாக்கு கிடைத்தபின், ஒரு நாள் இருவரும் தனியாக இருக்கும்போது அவளிடம் இப்படிக் கேளுங்கள்: "அவன் நல்லபடியாக, நல்ல கையில் இருக்கிறான் என்று வைத்துக்கொள். அப்போது எந்தக் கல்லூரிக்குப் போவாய்?" உடனே தூரத்துக் கல்லூரியின் பெயரைச் சொன்னால் அதுதான் அவள் மனது, விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாமல் அனுப்பிவிடுங்கள். தயங்கினால், வீட்டை விட்டுப் போகவே அவளுக்குப் பயமாக இருக்கலாம், குதிரை அதற்கு ஒரு மறைப்பாக இருக்கலாம். 17 வயதில் அதுவும் இயல்புதான். அப்போது பேச வேண்டியது விடுதியைப் பற்றி, தனியாக இருப்பதைப் பற்றி. குதிரையை அந்தப் பேச்சில் கொண்டுவராதீர்கள். பக்கத்துக் கல்லூரியையே அவள் உண்மையில் விரும்பினால் அதுவும் நல்ல முடிவுதான். குதிரைக்காகத் தன் படிப்பை விட்டுக்கொடுத்தேன் என்ற எண்ணம் மட்டும் அவளுக்குள் தங்கிவிடக் கூடாது. நாளைக்கு அந்தக் குதிரையைப் பார்க்கும்போதே அவளுக்குக் கசக்கும்.

அவளுக்கு நீங்கள் சொல்லக்கூடிய ஆறுதல் ஒன்று உண்டு, இது வெறும் சமாதானம் இல்லை. குதிரையின் மேல் ஆள் ஏறியே ஆக வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. புல், தண்ணீர், தன் இனத்தில் ஒரு துணை, நடக்க இடம், நேரத்துக்குக் குளம்பும் பல்லும் பார்க்க ஆள், இவ்வளவும் இருந்தால் ஒரு வருடம் முழுக்க யாரும் ஏறாமல் மேய்ச்சலில் விட்டாலும் அதற்கு ஒரு குறையும் வராது. சொல்லப்போனால் உங்கள் குதிரைக்கு இப்போது தேவைப்படுவது அந்த ஓய்வாகவே இருக்கலாம். திரும்ப ஏறத் தொடங்கும்போது சில வாரங்கள் எடுத்துத் தசையைத் தேற்ற வேண்டும், அவ்வளவுதான். அவளை மறந்துவிடுமோ என்றும் அவள் கலங்க வேண்டாம். பழகிய மனிதரை மாதக்கணக்கில் பார்க்காவிட்டாலும் குதிரைகள் நினைவில் வைத்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கல்லூரிக்குப் பக்கத்திலேயே லாயம் பார்த்துக் குதிரையையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவள் கேட்டால், முதல் வருடத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. புது இடம், புதுப் பாடம், புது மனிதர்கள் என்று அவளுக்கே பழக நாள் பிடிக்கும். தினமும் இரண்டு வேளை லாயத்துக்கு ஓடுவது அதோடு சேர்ந்தால் தாங்காது.

உங்கள் கணவரின் கவலையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாராவது அடிபடுவார்கள் என்று அவர் சொல்வது சரி. அவரே அடிபட்டிருக்கிறார். பண விஷயத்திலும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏறினாலும் ஏறாவிட்டாலும் தீனி, குளம்பு, தடுப்பூசி, பூச்சி மருந்து என்று மாதாமாதம் செலவு வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு மாதச் செலவை எழுதி, கல்லூரி வருடங்களால் பெருக்கி, பக்கத்தில் கல்லூரிச் செலவையும் எழுதி, நான்கு பேரும் பார்க்கட்டும். அந்தக் கணக்கை மகள் கையாலேயே போடச் சொல்லுங்கள். அப்பாவும் மகளும் ஒரே தாளைப் பார்த்துப் பேசுவது, ஆளுக்கு ஒன்று மனதில் வைத்துக்கொண்டு பேசுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் இப்போதே விற்பது தவறு, இதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். கடிக்கிற, துள்ளுகிற குதிரை என்று வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மறைத்து விற்று அங்கே ஒரு பிள்ளை விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு? சொல்லி விற்றால், நல்லவர்கள் வாங்கத் தயங்குவார்கள். அடித்து வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்தான் வாங்குவார். குதிரை 25, 30 வயதுவரைகூட வாழும். 9 வயதில் இப்படி ஒரு பெயரோடு கைமாறத் தொடங்கினால் மிச்ச வாழ்க்கை முழுக்க அது கைமாறிக்கொண்டே இருக்கும். வலி தீர்ந்து, நடத்தை தேறிய பிறகு உங்களுக்கு வழிகள் நிறைய உண்டு. பொறுப்பான இன்னொரு குடும்பத்தோடு பராமரிப்பையும் செலவையும் பங்கிட்டுக்கொள்ளலாம். மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவரிடம் மாதக் கட்டணத்துக்கு விடலாம். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தோடு, சொந்தம் உங்களிடமே இருக்க, ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு ஒரு வருடத்துக்குக் கொடுக்கலாம். அப்போதும் விற்பதுதான் சரி என்று நான்கு பேரும் முடிவு செய்தால், வாங்குபவரை மகளே பார்த்துப் பேசித் தேர்ந்தெடுக்கட்டும்.

மருத்துவர் பார்த்து, தீராத வலி என்றோ, நரம்புக் கோளாறு, இனி மனிதர் பக்கத்தில் நிற்பதே ஆபத்து என்றோ சொன்னால் நிலைமை வேறு. அதை மகளிடம் மறைக்காதீர்கள், தேர்வு முடியட்டும் என்று தள்ளியும் போடாதீர்கள். மருத்துவர் பேசும்போது அவளும் கூட இருக்கட்டும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அப்படி இருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவரிடம் போகும்போது மாற்றம் எந்த மாதம் தொடங்கியது, அதற்கு முன்னால் தீனி, சேணம், இடம், வேலை நேரம் இவற்றில் எது மாறியது என்று எழுதிக்கொண்டு போங்கள். துள்ளுவதை யாராவது முன்பே செல்போனில் எடுத்திருந்தால் அந்த வீடியோவைக் காட்டுங்கள், எடுப்பதற்காக மறுபடி ஏற வேண்டாம். பல், முதுகு, வயிறு மூன்றைப் பற்றியும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அப்புறம், குதிரை தனியாக நிற்கிறதா, துணைக்கு இன்னொரு குதிரை உண்டா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. முன்பு துணை இருந்து, இந்த நாலைந்து மாதத்துக்குள் அது போய்விட்டதென்றால் அதையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.